மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார்

பிள்ளைப்பேற்றில் ஒரு தாய் இறந்தாள் என்னும் செய்தி கேட்குமிடத்து நம்மவர் நெடுங்காலமாக வழங்கிவரும் மறுமொழிகள் இரண்டு. அவள் விதி முடிந்தது என்பர் சிலர். ஆண்டவர் சித்தம் என்பர் நம் சபையார். துக்கத்தைத் தணிக்கும் சொற்களே இவை. ஆயினும், இவ்விறப்புக்கு யார் பொறுப்பாளி என்று எழவேண்டிய வினாவினை எழவொட்டாது அடக்கிவிடும் இயல்பும் இவற்றிற்கு உண்டு. இற்றைக்கு நூற்று முப்பது ஆண்டுகட்கு முன்னர்த் திண்டிவனத்தில் ஒரு மிஷனெரியின் இல்லத்தில் இருந்த இளநங்கை ஒருத்தி, தனக்கு உறவும் அறிமுகமும் இல்லாத மூன்று பெண்களின் இறப்புக்குத் தானே விடைசொல்லக் கடமைப்பட்டவள் எனக் கருதினாள். அவளே பின்னாளில் வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார். அவ்வம்மையாரின் கதையை நம் கல்லூரியாருட் பலர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலேயே கேட்டிருப்பர். கேட்ட கதையை மீண்டும் எழுத யாம் புகுந்தமைக்குக் காரணம், அக்கதை சொல்லுவோர் விரைந்து கடந்துபோகும் சில இடங்கள் நின்று நோக்கத்தக்கன என்று எமக்குத் தோன்றியதேயாம்.

ஸ்கடர் குடும்பத்தார் அமெரிக்க நாட்டினர். அம்மையாரின் பாட்டனார் ஜான் ஸ்கடர் நியூயார்க்கு நகரில் மருத்துவராக விளங்கியவர். அவர் 1819-இல் தம் மனைவியாரோடு கப்பலேறி இலங்கையை அடைந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியமும் ஊழியமும் நடத்தி, 1836-இல் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர் எழுவரும் இந்திய நாட்டிலேயே ஊழியஞ் செய்தனர் என்பது வியக்கத்தக்கதொரு செய்தி. அவர்கள் முயற்சியால் 1853-இல் ஆர்க்காட்டு மிஷன் தோன்றிற்று. அப்புதல்வருள் இளையவராகிய மற்றொரு ஜான் ஸ்கடருக்கும் அவர் மனைவியார் சோபியாவுக்கும் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவரே நம் அம்மையார்.

குழந்தைப் பருவத்திலேயே அவர் கண்டது தாது வருஷத்துப் பெரும்பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தில் எலும்புந் தோலுமாய் வந்து நின்ற பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கும் வேலை அச்சிறுமிக்கு அளிக்கப்பட்டது. கையை உயர்த்தவும் வலியற்ற சில பிள்ளைகளுக்கு அவளே வாயில் ஊட்டினாள் என்பர். பஞ்சந் தீர்ந்தபின் குடும்பத்தார் அமெரிக்கா சென்றனர். அங்கே பெண்ணை உறவினர்பால் விட்டுத் தந்தையும், பின்னர்த் தாயும் இந்தியா திரும்பிவிட்டனர். பெற்றோர் உயிரோடிருக்கவும் அவர்களைப் பிரிந்து வளர்ந்த பெண்ணுக்கு மிஷனெரி வாழ்க்கையின்மேல் விருப்பம் எங்ஙனம் பிறக்கும்? மாசசூசெட்ஸ் மாகாணத்து நார்த்பீல்டு பெண்கள் கல்விச்சாலையிற் பயின்ற காலத்து அவர் குறும்பும் கலகலப்பும் மிக்கவராய் இருந்தார். நல்லதொரு மணமும், அமெரிக்காவிலேயே வசதியான வாழ்வும் வேண்டுமென்றே எண்ணியிருந்தார். இதனை அவருடைய சரித்திரம் எழுதினோர் மறைக்கவில்லை. மறைக்கவேண்டுவதும் இல்லை, அவர் பின்னர்த் துறந்தது இன்னதென்று நாம் அறிவதற்கு இஃது உதவும்.

1890-இல் தாயார் நோயுற்றார் என்னும் செய்தி வரவே, அம்மையார் திண்டிவனம் வந்தார். வந்தது தாய்க்குத் துணையாகச் சிறிது காலம் இருந்து மீளுவதற்கே. அங்கிருக்கையில் ஓரிரவு நிகழ்ந்ததுதான் யாவரும் அறிந்த கதை. அவர் தம் அறையில் விளக்கொளியில் இருந்தபோது தாழ்வாரத்தில் ஒரு பிராமண வாலிபர் வந்து நின்றார். அவர் மனைவிக்குப் பதினான்கு பிராயம் இருக்கலாம், முதற்பேறு, பிரசவ வேதனை நீண்டு, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். அம்மையார் வந்து காப்பாற்றவேண்டும் என்று இரந்தார். தாம் வைத்தியம் அறியாதவர் என்றும், தம் தந்தையாரே மருத்துவர் என்றும், அவரை உடனே அழைத்துவருவதாகவும் அம்மையார் கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியை நோக்குதல் தம் குலத்துக்கு அடாது, அதனினும் அவள் இறத்தலே மேல் என்று சொல்லி அவர் சென்றுவிட்டார். சிறிது நேரங் கழித்து வேறு காலடி ஓசை. வந்தவர் ஓர் இஸ்லாமியர். வேண்டுகோளும் அதுவே, தந்தையாரை அழைத்தபோது வந்த மறுப்பும் அதுவே. மூன்றாம் முறையாக மற்றொரு உயர்குலத்து இந்து வந்து அங்ஙனமே இரந்து அங்ஙனமே வறிதே மீண்டார். அன்றிரவு அம்மையார் உறங்கவில்லை. விடியற்காலையில் தெருவிற் பறையொலி கேட்டது. வேலையாள் ஒருவரை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது. அறைக்குட் சென்று நெடுநேரம் இறைவனை வேண்டி வெளிவந்த அவர், தாம் அமெரிக்கா சென்று மருத்துவங் கற்று மீண்டு வரப்போவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

இக்கதையைச் சொல்லும் பிரசங்கியார் பலர் அம்மூன்று கணவன்மாரையும் கடிந்து பேசுவதைக் கேட்டிருக்கின்றோம். எமக்கு அத்துணை எளிதாய் அவர்களைப் பழிக்க மனம் வரவில்லை. கோஷாவும் குலவழக்கமும் கொடியனவே. ஆயினும் அம்மூவரும் மனைவியரைக் கைவிட்டு வாளா இருந்தாரல்லர். நள்ளிரவில் தம் தெருவை விட்டு, தாம் கலவாத வேற்று மதத்தாருடைய வாயிலில் வந்து நின்றனர். அவர்கள் வேண்டியது ஒரு பெண் மருத்துவரை. அதனை வேண்டுதற்கு அவர்களுக்கு உரிமை இல்லையா? ஆர்க்காட்டு மிஷன் தொடங்கி அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகும் காலம். வைத்தியத்தையே ஊழியத்தின் ஒரு கையாகக் கொண்ட அந்த மிஷனில், வீட்டு வாயிலைக் கடவாத பெண்டிர் ஆடவர் கையில் மருந்து பெறார் என்பதை ஒருவரும் அறியாதிருக்க வழியில்லை. சென்னையில் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது இக்குறையைக் கண்டு 1875-இலேயே மருத்துவக் கல்லூரியிற் புகுந்து கற்று, 1885-இல் கோஷாப் பெண்டிர்க்கென ஒரு மருத்துவமனை தொடங்கிவிட்டார். அதுவே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என விளங்குவது. அதே 1885-இல் வைசிராயின் மனைவியார் டப்ரின் சீமாட்டி பெண் மருத்துவருக்கென ஒரு நிதியும் ஏற்படுத்தினார். ஆகவே தேவை இன்னதென்பது மறைபொருளாய் இருக்கவில்லை. திண்டிவனத்தில் அன்று இல்லாதிருந்தது மருந்தும் அறிவும் அல்ல. அவற்றைக் கொண்டுசெல்லும் ஒரு பெண்ணின் கையே. அக்கை இல்லாமைக்குக் கணவர் மட்டுமல்லர், மிஷனும் அரசாங்கமும் விடைசொல்ல வேண்டியவர்களே என்று யாம் கருதுகின்றோம். அம்மையாரும் அவ்வாறே உணர்ந்தார் போலும். அவர் அயலார் வழக்கத்தைத் தூற்றிப் பொழுது போக்காமல், இல்லாததைத் தாமே உளதாக்கத் துணிந்தார்.

பிறரைக் குற்றங் கூறுதற்கு முன் தன் கையை நோக்குதல் மருத்துவ உலகில் எத்துணை அரிது என்பதற்கு மற்றொரு வரலாற்றை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவரும் மாணவரும், மற்றொன்றில் மருத்துவச்சியரும் பேறு பார்த்தனர். கற்றோர் பார்த்த விடுதியிலேயே தாய்மார் மிகுதியும் சூதகக் காய்ச்சலால் மாண்டனர். பிணங்களை அறுத்துக் கற்ற கையோடு வந்து கர்ப்பிணிகளைத் தொடுதலே காரணம் என்று கண்ட செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், 1847-இல் அனைவரும் குளோரின் சேர்ந்த சுண்ணநீரிற் கைகழுவ வேண்டுமெனக் கட்டளையிட்டார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் தம் கைகளே கொன்றன என்பதை ஒப்ப மனமில்லாத மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. 1865-இல் அவர் ஒரு பித்தர் விடுதியில் இறந்தார். பொறுப்பை ஏற்பது கற்றோர்க்கும் கசக்கும் மருந்தே.

நம் அம்மையார் 1895-இல் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகம் மருத்துவக் கல்லூரி தொடங்கிப் பெண்களையும் சேர்த்துக்கொள்ள, 1898-இல் அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். இந்தியா புறப்படுமுன் வேலூரில் பெண்கள் மருத்துவமனை ஒன்று கட்டுவதற்கு எட்டாயிரம் டாலர் திரட்டும்படி அவருக்குப் பணிக்கப்பட்டது. நாட்கள் சிலவே இருந்தன, பணமோ சேரவில்லை. ஒரு நாள் செல்வ மாது ஒருவர் வீட்டிற் சென்று தம் நோக்கத்தை எடுத்துரைத்தார். அடுத்த அறையில் இருந்த முதிய செல்வர் ராபர்ட் ஷெல் என்பார் அப்பேச்சைக் கேட்டிருந்து, மறுநாள் அவரை அழைப்பித்து, இறந்துபோன தம் மனைவியார் மேரி டேபர் ஷெல்லின் நினைவாகப் பதினாயிரம் டாலர் அளித்தார். எட்டாயிரம் கேட்கச் சென்றவர் பதினாயிரம் பெற்று மீண்டார். அவ்வாண்டே தோழியார் ஆனி ஹான்காக்குடன் கப்பலேறிய அவர், 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூரை அடைந்தார்.

வந்தவுடன் எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதுதல் பொய்யாகும். தந்தையாரிடம் சில ஆண்டுகள் கைப்பயிற்சி பெறலாம் என்று நம்பி வந்தவருக்கு, அவ்வாண்டு மே மாதத்திலேயே தந்தையார் இறந்தது பேரிடி. புதிய பெண் வைத்தியரை மக்கள் நம்பவில்லை. பெரிய ஸ்கடரிடம் வந்தவர்கள் சின்ன அம்மாளிடம் வரத் தயங்கினர். பங்களாவின் சிறியதோர் அறையில், சன்னல் வழியே மருந்து கொடுக்கும் மருந்தகமாகத் தொடங்கியது அவருடைய தொழில். அவ்விடம் வந்தோர் தொகை சிறிது சிறிதாகப் பெருகி, இரண்டாண்டுகளில் ஆயிரக்கணக்கானது. 1902-இல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே முதன்மையான அறுவையும் பேறும் யாவற்றிற்கும் அவர் ஒருவரே மருத்துவர். உதவிக்கு நின்றோர் அவரே எழுத்தும் கட்டுங் கற்பித்துப் பழக்கிய நம் நாட்டுப் பெண்கள்.

மருத்துவமனை கட்டிவிட்டால் தாய்மார் பிழைத்துவிடுவார்களா? வாயிலுக்கு வந்துசேர்ந்த பெண்களிற் பலர் காலங்கடந்தே வந்தனர். குழந்தை குறுக்கே கிடந்து இரண்டு மூன்று நாட்கள் வேதனைப்பட்டு, நாட்டு மருத்துவச்சி அறிந்ததையும் அறியாததையும் செய்து முடித்தபின், உயிர் ஊசலாடும் நிலையில் மாட்டுவண்டியில் ஏற்றிவரப்பட்டோரே மிகுதி. வேலூருக்கு மட்டும் உரியதன்று இக்காட்சி. சங்கரன்கோவில் பக்கத்துத் திருவேங்கடம் எமது ஊர். கரிசற் காட்டின் நடுவே உள்ளது. ஐப்பசி கார்த்திகையில் மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விடாது. ஆரக்கால் தெரியாமல் அப்பும். அத்தகைய நாளொன்றில் சங்கரன்கோவிலுக்குப் புறப்பட்ட வண்டியில் தம் வயதொத்த ஒருத்தி பாதி வழியிலேயே அடங்கிப்போனதை எம் பாட்டியார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கின்றோம். வண்டி திரும்பியபோது மாடுகள் மட்டும் விரைந்து நடந்தனவாம். பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று எம்மூர்ப் பெண்டிர் வழங்குவது அணியுரையன்று, கண்டறிந்த செய்தி.

அம்மையார் இத்தூரத்தையும் தம் கணக்கிற் சேர்த்துக்கொண்டார். நோயாளி வராவிடின் மருத்துவர் செல்லவேண்டும் எனத் துணிந்து, வாரந்தோறும் குறித்த நாளில் குடியாத்தஞ் சாலையில் மாட்டுவண்டியிற் சென்றார். 1909-ஆம் ஆண்டளவில் பிரஞ்சு நாட்டுப் பெஜோ மோட்டார் வண்டி ஒன்று அவருக்குக் கிடைத்தது. முதலில் அதனைக் கண்ட நாட்டுப்புறத்தார் பேய் வருகின்றதென்று ஓடினர். பின்னர் அதன் ஓசை கேட்டவுடன் குழந்தைகளையும் குருடரையும் குட்டநோயாளரையும் அழைத்துக்கொண்டு சாலையோரத்து மரத்தடிகளிற் கூடினர். அம்மரத்தடி வைத்தியமே வேலூராரின் சாலையோர மருத்துவப்பணி எனப் பெயர்பெற்றது. கட்டடம் ஒன்றுமின்றி, மரநிழலில் ஒரு மேசையும் மருந்துப் பெட்டியுமாய் நடந்த அப்பணியைக் கட்டடங்களினும் உயர்வாக மதிக்கின்றோம் யாம். அங்கே புண் கட்டிக்கொள்ள வந்த பெண்களே வயிற்றுப் பிள்ளையைப் பற்றியும் வாய்திறந்து பேசக் கற்றனர்.

பிற்காலத்து ஆராய்ச்சியாளர் இருவர் 1994-இல் தாய்மார் இறப்பை ஆய்ந்து, மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினர். உதவி தேட வேண்டும் என்று வீட்டார் முடிவு செய்வதிலுள்ள தாமதம் ஒன்று. வழியிலே உண்டாகும் தாமதம் ஒன்று. மருத்துவமனையை அடைந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதிலுள்ள தாமதம் மற்றொன்று. இன்று உலகெங்கும் இம்மூன்றையும் வைத்தே இறப்பின் காரணம் தேடுகின்றனர். அம்மையார் இவ்வாய்வைக் கண்டவரல்லர். ஆனால் திண்டிவனத்து இரவில் முதல் தாமதத்தையும், மாட்டுவண்டிச் சாலையில் இரண்டாவதையும் கண்ட அவர், மூன்றாவதாகிய மருத்துவர் பற்றாக்குறையைத் தம் மருத்துவமனைக்குள்ளேயே கண்டார். ஒரு பெண் எத்துணை உழைத்தாலும் ஒரு ஜில்லாவிற்கு மருத்துவம் பார்த்தல் இயலுமோ? நம் நாட்டுப் பெண்களே கற்றுத் தேரவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1909-இல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அதனினும் பெரிய செயல் பின்னர் வந்தது.

பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்று வேலூரில் வேண்டுமென்று அவர் கேட்டபோது, சென்னை மாகாணத்து மருத்துவ அதிகாரிகளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிதென எண்ணினர். 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள் பள்ளி திறக்கப்பட்டபோது இடம் போதாமற் பலரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. கருவிகளோ மிகச் சில. ஒரு நுண்பெருக்கி, சில எலும்புகள், சில நூல்கள். இவையே முதற் செல்வம். ஆசிரியை பெரும்பாலும் அவரே. பகலில் அறுவை, இடையே பாடம், இரவில் மறுநாட் பாடத்துக்குப் படிப்பு.

ஈண்டு யாம் வற்புறுத்த விரும்பும் செய்தி ஒன்றுண்டு. மிஷன் பள்ளியாதலின் தாமே பரீட்சை நடத்தித் தாமே சான்றிதழ் அளித்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. மாகாணத்து ஆண் மாணவர் எழுதும் அரசாங்கப் பரீட்சையையே தம் மாணவியரும் எழுதவேண்டும், அதே அளவுகோலால் அளக்கப்படவேண்டும் என்று நின்றார். முதலாண்டுப் பரீட்சைக்குச் செல்லும் மாணவியரை, ஒருவரேனும் தேறினால் மகிழுங்கள் என்று அதிகாரிகள் எச்சரித்து அனுப்பும் நிலை இருந்தது. முடிவு வெளிவந்தபோது ஆண் மாணவரிற் பெரும்பாலார் தவறியிருக்க, வேலூர்ப் பெண்கள் பதினால்வரும் தேறியிருந்தனர். அப்பதினால்வரே 1922-இல் பட்டயம் பெற்று வெளிவந்த முதல் அணியினர். அன்பின் பெயரால் செய்யும் தொண்டாயினும் அளந்துபார்க்க இடங்கொடாத தொண்டு நோயாளிக்குத் தீங்காகும் என்பதை அம்மையார் நன்குணர்ந்திருந்தார். தருமத்துக்குச் செய்வதைக் குறைகூறலாமா என்று கேட்கும் வழக்கம் நம் நிலையங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. தாய்மாரின் உயிர்க்காவல் இரப்பார்க்கு இடும் பிச்சையாயின் அளவு கேட்டல் கூடாது. அஃது அவர்தம் உரிமையாயின் அளவு கேட்டே ஆகவேண்டும்.

இவ்வுரிமை என்னும் சொல் சட்டத்தில் ஏற நெடுங்காலம் ஆயிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, தடுக்கக்கூடிய தாய்மார் இறப்பு மனித உரிமை பற்றிய செய்தியே எனத் தீர்மானித்தது 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அடுத்த 2010-இல் டெல்லி உயர்நீதிமன்றம், பேற்றின்பின் இறந்த ஓர் ஏழைப் பெண்ணின் வழக்கில், தாயின் சுகாதாரம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையுள் அடங்குவது எனத் தீர்ப்பளித்து, குடும்பத்தார்க்கு இழப்பீடும், அவ்விறப்பைக் குறித்த ஆய்வும் கட்டளையிட்டது. நம் தமிழ்நாடு இத்துறையில் முந்திக்கொண்டது எனலாம். 1990-களிலிருந்தே தாய்மார் இறப்பு ஒவ்வொன்றையும் பதிந்து காரணம் தேடும் முறை இங்கே வளர்ந்துவந்தது. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடக்கும் ஆய்வுக்கு மருத்துவரும் தாதியரும் மட்டுமன்றி, இறந்தவளின் உறவினரும் அழைக்கப்படுகின்றனர். எந்த நேரத்தில் வலி கண்டது, எப்போது வண்டி வந்தது, எந்த மருத்துவமனை எதற்காக வேறிடம் அனுப்பிற்று என்று அவர்கள் வாய்மொழியாகச் சொல்ல இடமுண்டு. திண்டிவனத்து மூன்று கணவன்மாரையும் அவ்விறப்புக்களைப் பற்றி அன்று ஒருவரும் அழைத்துக் கேட்கவில்லை. அப்பெண்களின் பெயரைக்கூட ஒரு புத்தகமும் குறித்துவைக்கவில்லை.

மாதிரிப் பதிவு முறையின் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இந்திய நாட்டில் 97 தாய்மாரும் தமிழ்நாட்டில் 54 தாய்மாரும் இறந்தனர். 2008-இல் இங்கே வந்த 108 வண்டி எம் கரிசற் காட்டுக்கும் வருகின்றது. பாட்டியார் காலத்து அச்சம் எம் தாயார் காலத்தில் இல்லை. ஆயினும் குறை முற்றும் தீர்ந்துவிடவில்லை. எம் உறவின்முறைப் பெண் ஒருத்தி, பிரசவ அறையில் வலிபொறாது கதறியபோது, மிகக் கடுஞ்சொற்களால் இகழப்பட்டு, கன்னத்தில் அடியும் பெற்றாள். தாயும் சேயும் நலமே. ஆகலின் வீட்டார் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. அவள் மட்டும் இரண்டாம் பேற்றுக்கு அவ்விடம் செல்லமாட்டேன் என்று பிடிவாதமாய் நின்றாள். எந்த மருத்துவமனை என்பது ஈண்டு வேண்டுவதில்லை. உயிர் பிழைத்தாள் என்பதனால் அவமதிப்பு கணக்கில் வாராது போகலாமா என்பதே எம் ஐயம். ஆய்வுக் கூட்டங்கள் இறந்தவளைப் பற்றிக் கேட்கின்றன. பிழைத்தவளைப் பற்றி யார் கேட்பார்?

அம்மையாரின் பின்னாட்களுக்கு வருவோம். 1938-இல் சென்னை அரசாங்கம், பட்டயப் படிப்பை ஒழித்து, மருத்துவரெல்லாம் பல்கலைக்கழகப் பட்டமே பெறவேண்டுமென விதித்தது. வேலூர்ப் பள்ளிக்கு அதற்குரிய ஆசிரியரும் படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் இல்லை. பள்ளி மூடப்படும் நிலை வந்தது. அளவுகோலை உயர்த்தியதற்காக அரசாங்கத்தை நோவதற்கு இடமில்லை என்பது அம்மையாருக்குத் தெரியும். அளவுகோலை முன்னர் வேண்டி நின்றவரே அவரன்றோ! எழுபது வயதைக் கடந்தவர் 1941-இல் அமெரிக்கா சென்று, ஊர் ஊராய்ப் பேசிப் பொருள் திரட்டினார்.

அப்போது எழுந்த வழக்குத்தான் மிகவும் நோவுதருவது. ஆண்களையும் சேர்த்து, எல்லாச் சபைகளும் கூடி நடத்தும் ஒரே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக்கினால் மட்டுமே வேலூர் பிழைக்கும் என்பது பலர் கருத்து. அமெரிக்கப் பெண்கள் சங்கங்களோ, பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த பணம் இது என்று வாதித்தன. அவற்றின் தலைவியும் அம்மையாரின் நெடுநாள் துணைவியுமான லூசி பீபாடி இதனால் மனம் முறிந்து விலகினார். அம்மையார் தாமும் நெடிது தயங்கியே இணங்கினார். 1947-இல் ஆண் மாணவர் சேர்க்கப்பட்டனர். பீபாடி அம்மையார் கூறியதில் நியாயம் இல்லையென்று எம்மாற் சொல்ல இயலவில்லை. கோஷாப் பெண்ணுக்கென எழுந்த நிலையம் அது. ஆனால் மூடிய கல்லூரி எந்தப் பெண்ணுக்கும் பயன்படாது என்பதும் உண்மை. இருதலைக் கொள்ளியாகிய இந்நிலையில் ஐடா அம்மையார் தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்ததே, எமக்குத் திண்டிவனத்து இரவினும் பெரிதாகத் தோன்றுகின்றது. இளமையில் ஒரு வாழ்வைத் துறத்தல் எளிது. முதுமையில் தாம் கட்டியதன் உருவத்தையே துறத்தல் அரிது.

1946-இல் அவர் ஓய்வு பெற்றார். பின்னர் அந்நிலையத்துக்கு இந்தியருள் முதல் இயக்குநராக அமைந்தவர் ஹில்டா லாசரஸ் என்னும் பெண்மணி; விசாகப்பட்டினத்திற் பிறந்து, பேறுகால மருத்துவத்தில் வல்லுநராய், நாட்டு மருத்துவச்சியரைப் பழித்து ஒதுக்காமல் அவர்களுக்குக் கற்பித்துப் பயிற்றியவர். அம்மையார் கோடைக்கானலில் தாம் அமைத்துக்கொண்ட குன்றின்மேல் இல்லத்தில் தங்கிப் பூந்தோட்டம் வளர்த்து, அவ்வப்போது வேலூர் வந்து, வார்டுகளைச் சுற்றிப் பார்த்துச் சென்றார். ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதமும் அவரிடம் வந்துசேர்ந்தது என்பர். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் எண்பத்தொன்பதாம் வயதில், கோடைக்கானலில் இறைவன் திருவடி சேர்ந்தார். உடல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே அடக்கஞ் செய்யப்பட்டது. மேரி டேபர் ஷெல் பெயரால் எழுந்த நாற்பது படுக்கை மருத்துவமனை பிற்காலத்தில் கண் மருத்துவமனையாயிற்று. பிரசவ விடுதி, அவர் நகரின் நடுவே எழுப்பிய பெரிய மருத்துவமனைக்கு முன்னரே இடம் மாறிவிட்டது.